பழி நீங்கிப் பணிக்குத் திரும்பியவர்

தமிழ்த்துறை மலரில் துப்பறியும் புதினம் ஒன்றைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். சங்கப் பாடலின் நயமோ, காப்பிய மாந்தரின் பண்போ, சீறாப்புராணத்தின் நாட்டு வளமோ இடம்பெற வேண்டிய பக்கத்தில் களவுக்கும் கொலைக்கும் என்ன வேலை என்று மூத்த பேராசிரியப் பெருமக்கள் வினவக்கூடும். அவ்வினா நியாயமானதே. யாமும் பல்லாண்டுகள் அவ்வாறே எண்ணியிருந்தோம். பாடநூலுக்கு இடையில் துப்பறியும் கதையை மறைத்து வைத்துப் படித்த மாணவரிடமிருந்து அதனைப் பறித்து, ஆண்டு இறுதி வரை திருப்பித் தராமல் வைத்திருந்ததும் உண்டு. ஆயினும், எம் வாழ்வில் யாம் செய்த ஒரு பிழையை எமக்கு எடுத்துக்காட்டியது அறநூல் அன்று. அத்தகைய ஒரு புதினமே. ஆதலால் அதனை இங்கே எழுதுகின்றோம்.

தமிழ் வாசகருக்குத் துப்பறியும் கதை புதிதன்று. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு முதலியோர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அவ்வகைப் புதினங்களைப் பல்லாயிரம் வாசகரிடம் கொண்டு சேர்த்தனர். பின்னர்த் தமிழ்வாணனின் சங்கர்லால் வந்தார். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வந்தனர். இவர்களுள் ஒருவரும் அரசிடம் மாத ஊதியம் பெறும் காவலர் அல்லர் என்பது நோக்கத்தக்கது. சங்கர்லால் தனியார் துப்பறிவாளர். கணேஷும் வசந்தும் வழக்கறிஞர்கள். எவரேனும் பழி சுமத்தினாலும் இவர்களை வேலையிலிருந்து நீக்குவார் இலர். இவர்களுக்கு மேலதிகாரி இல்லை, ஓய்வூதியம் இல்லை, திரும்பிச் சென்று அமர வேண்டிய நாற்காலியும் இல்லை. எனவே, பழி சுமந்த அதிகாரி ஒருவர் மீண்டும் பணிக்குத் திரும்புவது எத்தகையது என்பதை இக்கதைகளில் யாம் கண்டதில்லை. அதனைக் காணப் பிரெஞ்சு மொழியில் எழுதிய ஜார்ஜ் சிமெனோனிடம் செல்ல நேர்ந்தது.

சிமெனோனும் மெக்ரேயும்

சிமெனோன் பெல்ஜிய நாட்டு லியேஜ் நகரில் 1903-ஆம் ஆண்டு பிறந்தவர். பதினாறு வயது நிரம்புமுன்பே செய்தித்தாள் ஒன்றில் நிருபராகச் சேர்ந்தவர். காவல் நிலையங்களையும் நீதிமன்றங்களையும் அவ்வயதிலேயே கண்டார். பின்னர்ப் பாரிசு சென்று எழுத்தையே தொழிலாகக் கொண்டார். அவர் படைத்த காவல் அதிகாரி மெக்ரே, 1931-இல் தொடங்கி 1972 வரை 75 புதினங்களிலும் 28 சிறுகதைகளிலும் உலவுகின்றார். சிமெனோன் 1989-இல் மறைந்தார். ஆங்கிலத்தில் பெங்குவின் நிறுவனம் அந்த 75 புதினங்களையும் 2013 முதல் 2020 வரை மாதம் ஒன்றாகப் புதிய மொழிபெயர்ப்பில் வெளியிட்டது. ஆசிரியர் மறைந்து கால் நூற்றாண்டு சென்ற பின்னும் இவ்வாறு மீண்டும் மொழிபெயர்க்கப்படும் பேறு துப்பறியும் கதைகளுள் மிகச் சிலவற்றுக்கே வாய்க்கும்.

மெக்ரே பெரிய அறிவாளியாகக் காட்டப்படுபவர் அல்லர். ஷெர்லாக் ஹோம்ஸ் போலச் சேற்றின் நிறம் கண்டு ஊரைச் சொல்பவரும் அல்லர். பருத்த உடல், கையில் புகைக்குழாய், கனத்த மேலங்கி. பண்ணை மேலாளர் ஒருவரின் மகனாகச் சிற்றூரில் பிறந்து, மருத்துவம் பயிலத் தொடங்கி, இடையில் நிறுத்திக் காவல் துறையில் சேர்ந்தவர். பாரிசு நகரில் ரிஷார் லெனுவார் நெடுஞ்சாலையில் உள்ள சிறு குடியிருப்பில் மனைவியோடு வாழ்பவர். குற்றம் நிகழ்ந்த இடத்துக்குச் சென்றால் அங்குள்ளோர் வாழும் வாழ்வைத் தாமும் சிறிது வாழ்ந்து பார்ப்பார். அவர்கள் உண்ணும் கடையில் உண்பார். அவர்கள் அமரும் இருக்கையில் அமர்வார். குற்றவாளியைத் தண்டிப்பதினும் அவனை அறிந்துகொள்வதே தம் தொழில் என்று எண்ணுபவர். முறிந்த வாழ்வுகளை ஒட்டுப்போட்டுத் தரும் ஒருவராக வேண்டும் என்பது அவருடைய இளமைக் கனவு.

அவர் பணியாற்றிய அலுவலகம் உண்மையில் இருந்தது. சேன் ஆற்றங்கரையில் கே தெ ஓர்ஃபேவ்ர் என்னும் சாலையில் 36-ஆம் எண்ணுள்ள கட்டடமே பாரிசு குற்றப் புலனாய்வுத் துறையின் தலைமையகமாக விளங்கியது. 2017-ஆம் ஆண்டு அத்துறை பத்திஞோல் பகுதியிலுள்ள புதிய கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கும் கதவு எண்ணாக 36 என்பதையே வைத்துக்கொண்டனர்.

புதினம் கூறும் செய்தி

எம் கைக்கு வந்த புதினம் 1964-இல் பிரெஞ்சில் வெளிவந்தது. ‘மெக்ரே தம்மைக் காத்துக்கொள்கிறார்’ என்று அதன் தலைப்பைத் தமிழில் கூறலாம். திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையொன்றில், அட்டை கிழிந்த ஆங்கிலப் பதிப்பாக அது கிடைத்தது. யாம் பணி ஓய்வு பெற்ற ஆண்டு அது. படிப்பதற்கு நேரம் மிகுந்திருந்தது. எதைப் படிக்கலாம், எதைப் படிக்கலாகாது என்னும் பழைய கட்டுப்பாடு தளர்ந்திருந்தது.

கதை ஓர் உரையாடலுடன் தொடங்குகின்றது. மெக்ரேயின் நண்பர் மருத்துவர் பர்தோன் அவரிடம் ஒரு வினா எழுப்புகின்றார். இத்தனை ஆண்டுப் பணியில், தீமைக்காகவே தீமை செய்யும், முற்றிலும் கொடியவன் ஒருவனையேனும் கண்டதுண்டா என்பது அவ்வினா. மெக்ரேயால் உடனே விடை கூற இயலவில்லை. அச்சத்தால் குற்றம் செய்தவர், வறுமையால் செய்தவர், அவமானத்தால் செய்தவர் எனப் பலரை அவர் அறிவார். தூய தீமை என்பதை அவர் எளிதில் ஏற்பவர் அல்லர்.

அதன்பின் நகரக் காவல் தலைவரிடமிருந்து மெக்ரேக்கு அழைப்பு வருகின்றது. தலைவர் இளையவர், புதிதாக வந்தவர், பழைய முறைகளை விரும்பாதவர். அவர் மெக்ரேயின் முன் ஒரு வாக்குமூலத்தை வைக்கின்றார். நிக்கோல் பிரியூர் என்னும் இளம்பெண் கொடுத்தது அது. அப்பெண்ணின் பெரியவர் ஒருவர் அரசின் உயர் மன்றத்தில் செல்வாக்குள்ள பதவியில் இருப்பவர். மெக்ரே தம்மை இரவில் அழைத்துச் சென்று, குடிக்க வைத்து, விடுதி அறைக்குக் கொண்டு சென்று தகாத முறையில் நடந்துகொண்டார் என்பது அவளுடைய குற்றச்சாட்டு.

நிகழ்ந்தது வேறு. நள்ளிரவு கடந்து மெக்ரேயின் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. லா ரொஷேல் என்னும் கடற்கரை ஊரிலிருந்து வந்து வழி தெரியாமல் நிற்பதாக ஒரு பெண்குரல் அழுதது. மனைவியிடம் சொல்லிவிட்டு எழுந்து சென்ற மெக்ரே, அவளுக்கு ஒரு விடுதியில் அறை தேடிக் கொடுத்து வீடு திரும்பினார். செய்தது உதவி, காகிதத்தில் எழுதப்பட்டது குற்றம். விடுதிக்கு அழைத்துச் சென்றது உண்மை, நேரம் உண்மை, இடம் உண்மை, அறைக்குள் நுழைந்ததும் உண்மை. அவை அனைத்தையும் கோத்த நூல் ஒன்றே பொய்.

பழி சுமத்துவோரின் திறமை இங்கேதான் உள்ளது என்பதை மாணவ மணிகள் உற்று நோக்க வேண்டும். முழுப்பொய் எளிதில் உடையும். உண்மைகளுக்கு நடுவே ஒரு பொய்யை வைத்தால் அதனை உடைப்பது அரிது. இல்லை என்று மறுப்பவர் ஒன்றை மறுக்க, மற்றவற்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கின்றது. ஒப்புக்கொண்டவையே அவருக்கு எதிராக நிற்கின்றன.

மெக்ரேக்கு ஓய்வு பெற இன்னும் மூன்று ஆண்டுகளே இருக்கும் நிலை. அப்பெண்ணை அணுகக் கூடாது, இதனை விசாரிக்கக் கூடாது என்று அவருக்கு ஆணையிடப்படுகின்றது. பிறருக்காக வாழ்நாள் முழுவதும் விசாரித்தவர், தமக்காக விசாரிக்கும் உரிமையை இழக்கின்றார். பதவி விலகிவிடலாம் என்றும் எண்ணுகின்றார். இறுதியில் மருத்துவ விடுப்பு எடுத்துக்கொண்டு, ஆணையை மீறி, தாமே உண்மையைத் தேடத் துணிகின்றார்.

அவர் கண்ட உண்மை விந்தையானது. அந்நாள்களில் மெக்ரே அக்காசியா தெருவில் வாழ்ந்த பல்மாரி என்னும் பழைய குற்றவாளியின் இல்லத்துக்கு அடிக்கடி சென்று வந்தார். நகைக்கடைக் கொள்ளைகளுக்குப் பின்னால் அவன் இருக்கின்றானோ என்பது அவருடைய ஐயம். அத்தெருவின் எதிர்ப்புறத்தில் மெலான் என்னும் பல் மருத்துவர் ஒருவர் வாழ்ந்தார். அவரிடம் மறைக்க வேண்டிய பெருங்குற்றம் இருந்தது. மெக்ரே எதிர்வீட்டுச் சாளரத்தில் நிற்பதைக் கண்ட அவர், தம்மையே கண்காணிப்பதாக எண்ணி நடுங்கினார். அந்நடுக்கமே நிக்கோலின் பொய்யாகப் பிறந்தது. மெக்ரேயோ அம்மருத்துவரை நினைத்தும் பார்த்ததில்லை! குற்றமுள்ள நெஞ்சு, தன்னை நோக்காத கண்ணையும் தன்னை நோக்கும் கண்ணாகக் காணும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

மெக்ரே உண்மையை நிறுவித் தம் அலுவலகத்துக்குத் திரும்புகின்றார். அடுத்த ஆண்டு 1965-இல் வந்த ‘மெக்ரேயின் பொறுமை’ என்னும் புதினத்தில் அதே பல்மாரி கொல்லப்பட, அக்கொலையை விசாரிப்பவராகவே அவரை மீண்டும் காண்கின்றோம். மாடிப்படி ஏறுகின்றார்; உதவியாளர்களை அழைக்கின்றார்; பணி தொடர்கின்றது.

இத்துறையில் சிமெனோனுக்கு முன்பே ஈடுபாடு இருந்தது. 1934-இல் வெளிவந்த ‘மெக்ரே’ என்னும் புதினத்தில் நம் அதிகாரி ஓய்வு பெற்று லுவார் ஆற்றங்கரையில் தோட்டம் பேணி வாழ்கின்றார். இளங்காவலரான அவருடைய மருமகன் மீது கொலைப்பழி விழுகின்றது. அவனைக் காக்க மெக்ரே பாரிசு வருகின்றார். அவரிடம் அதிகாரம் இல்லை. அடையாளச் சின்னமும் இல்லை. நேற்று வரை வணங்கி நின்ற அலுவலகம் இன்று அவரை அயலாராக நோக்குகின்றது. இவ்விரு புதினங்களுக்கும் இடையில் முப்பது ஆண்டுகள். நீதியைக் காக்க அமைந்த நிறுவனமே தன்னைச் சேர்ந்தவனைக் கைவிடும்போது அவன் எங்கே செல்வான் என்னும் வினா, ஆசிரியரை முப்பது ஆண்டுகளாக விடவில்லை போலும்.

எம் கையெழுத்து

இப்புதினத்தைப் படித்து முடித்த இரவு எமக்கு உறக்கம் வரவில்லை. அதற்குக் காரணம் மெக்ரே அல்லர். முப்பது ஆண்டுகளுக்கும் முன்பு யாம் பணியாற்றிய ஒரு நிறுவனத்தில் நூலக உதவியாளராக இருந்த ஒருவர். அந்நிறுவனத்தின் பெயரும் அவர் பெயரும் இங்கு வேண்டா.

அவரை மாணவர் அனைவரும் அண்ணன் என்றே அழைப்பர். யாமும் அவ்வாறே அழைத்தோம். பள்ளியிறுதி வரை பயின்றவர். ஆனால் எந்நூல் எத்தட்டில் உள்ளது என்று கேட்டால் பட்டியலைப் பாராமலே கூறுவார். ஒரு நாள் கண்ணாடிப் பேழைக்குள் பூட்டி வைத்திருந்த பழம்பதிப்புகள் மூன்று காணாமற் போயின. அவற்றுள் ஒன்று 1887-இல் சி.வை. தாமோதரம் பிள்ளை பதிப்பித்த கலித்தொகை. பேழையின் திறவுகோல் அண்ணனிடமே இருந்தது. விடுமுறை நாளொன்றின் மாலையில் அவர் துணிப்பையுடன் வெளியே சென்றதைக் கண்டதாக ஒருவர் கூறினார். பழம்பதிப்புகளை விலை கொடுத்து வாங்குவோர் நகரில் உளர் என்று மற்றொருவர் கூறினார்.

விசாரணைக்கு மூவர் குழு அமைந்தது. மூவருள் இளையவர் யாம். திறவுகோல் இருந்தது உண்மை. பையுடன் சென்றது உண்மை. நூல்கள் இல்லாததும் உண்மை. அண்ணன், “நான் எடுக்கல சார்” என்பதை மட்டும் மீண்டும் மீண்டும் கூறினார். பையில் உணவுப் பாத்திரம் இருந்தது என்றார். அதற்குச் சான்று கேட்டோம். உண்டு கழுவிய பாத்திரத்துக்கு எவர் சான்று தருவார்? ஒரு மணி நேரம் கடக்குமுன் அறிக்கை எழுதப்பட்டது. மூத்தவர் இருவரும் கையெழுத்திட்ட பின் தாள் எம்மிடம் வந்தது. எமக்குள் ஓர் ஐயம் இருந்தது. ஆயினும் கையெழுத்திட்டோம். பணியில் சேர்ந்து இரண்டாண்டே ஆகியிருந்தது என்பதையன்றி வேறு காரணம் கூற எம்மிடம் இல்லை.

அண்ணன் தற்காலிகமாகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். அவ்வாணை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. மாணவர் கூட்டம் கூட்டமாக நின்று படித்தனர்.

பதினொரு மாதங்கள் சென்றன. ஆண்டு இருப்புச் சரிபார்ப்பின்போது பழைய நூற்கட்டுப் பதிவேடு ஒன்று கிடைத்தது. ஓய்வு பெற்றுச் சென்ற நூலகர், தாம் விடைபெறும் வாரத்தில், சிதைந்த நூல்கள் சிலவற்றைக் கட்டுவதற்கு அனுப்பியிருந்தார். வழங்கல் பதிவேட்டில் அதனைக் குறிக்க மறந்துவிட்டார். நூற்கட்டுநர் நோயுற்றுக் கடையைப் பூட்டியிருந்தார். கடையைத் திறந்து பார்த்தபோது, மூன்று நூல்களும் கயிற்றால் கட்டிய மூட்டையில் பத்திரமாக இருந்தன.

இங்கே கொடியவர் எவரும் இலர். மருத்துவர் பர்தோன் வினவிய தூய தீமை எங்கும் இல்லை. நூலகர் மறந்தார்; கண்டவர் கண்டதைச் சொன்னார்; மூத்தவர்கள் விரைந்தனர்; யாம் அஞ்சினோம். ஒருவர் வாழ்வில் பதினொரு மாதங்களை அழிக்க இவ்வளவே போதுமானதாக இருந்தது.

அண்ணன் பணிக்குத் திரும்பினார். அவரைக் குற்றமற்றவர் எனக் கூறும் கடிதம் அவருடைய கோப்பில் சேர்க்கப்பட்டது. நிலுவை ஊதியமும் வழங்கப்பட்டது. நீதி நிறைவேறியது என்று யாம் அனைவரும் எண்ணினோம். அன்று மாலை அவர் எம் அறை வாயிலில் வந்து நின்றார்.

“சார், அந்தத் தாளை மூணு நாள் பலகையில ஒட்டியிருந்தாங்க. இந்தத் தாளை ஒரு நாளாவது ஒட்டச் சொல்லக் கூடாதுங்களா?”

மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகக் கூறினோம். கேட்கவில்லை. பழைய கதையைக் கிளற வேண்டா என்று எமக்கு யாமே அமைதி கூறிக்கொண்டோம். அவரும் மீண்டும் கேட்கவில்லை. அதன்பின் பேழையின் திறவுகோலை வாங்கிக்கொள்ள அவர் மறுத்துவிட்டார் என்பதும், நூல் இருக்குமிடம் கேட்டால் பட்டியலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் என்பதும் எமக்குத் தெரியும். அவை ஏன் என்று அன்று யாம் சிந்திக்கவில்லை.

இரு முற்றங்கள்

திரும்பி வருதல் வேறு. பழி நீங்குதல் வேறு. இவ்வேறுபாட்டுக்கு மெக்ரேயின் நாட்டிலேயே வரலாற்றுச் சான்று ஒன்று உண்டு. பிரெஞ்சுப் படையில் அதிகாரியாக இருந்த ஆல்ஃபிரட் டிரைஃபஸ், செருமனிக்கு இரகசியங்களை விற்றதாகப் பொய்யாகக் குற்றம் சாட்டப்பட்டு 1894-இல் தண்டனை பெற்றார். 1895 சனவரி 5 அன்று பாரிசுப் படைப்பள்ளியின் பெருமுற்றத்தில், அணிவகுத்து நின்ற வீரர் முன்னிலையில், அவருடைய பதவிச் சின்னங்கள் பிய்த்தெறியப்பட்டன, வாள் முறிக்கப்பட்டது. வெளியே திரண்ட மக்கள் அவரை இகழ்ந்து கூவினர். பின்னர் அவர் கடல் கடந்து ‘பேய்த் தீவு’ என்னும் சிறைத்தீவுக்கு அனுப்பப்பட்டார். 1898-இல் எழுத்தாளர் எமிலி ஜோலா செய்தித்தாளின் முதற்பக்கத்தில் வெளிப்படையாக எழுதிய மடலே நாட்டை உலுக்கியது. 1899-இல் மறுவிசாரணையிலும் அவரைக் குற்றவாளி என்றே கூறி, பின் மன்னிப்பு வழங்கினர். 1906 சூலை 12 அன்றுதான் உயர்ந்த நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று அறிவித்தது.

அவர் படைக்குத் திரும்பினார். அதே படைப்பள்ளியின் வேறொரு சிறு முற்றத்தில் அவருக்கு விருது அணிவிக்கப்பட்டது. ஆனால் சிறையில் கழிந்த ஆண்டுகள் பதவி உயர்வுக்குக் கணக்கில் கொள்ளப்படவில்லை. அதனால் உரிய நிலையை அடைய வழியின்றி மறு ஆண்டே, 1907-இல், ஓய்வு பெற்றார். முதல் உலகப்போர் மூண்டதும், தம்மை இழிவு செய்த அதே படைக்கு மீண்டும் வந்து பணியாற்றினார். 1935-இல் மறைந்தார். அவருக்கு உரிய உயர்பதவியை வழங்கப் பிரெஞ்சு நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது 2025-ஆம் ஆண்டில். அதாவது அவர் மறைந்து தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னர்!

இழிவு செய்த முற்றம் பெரிது. பெருமை செய்த முற்றம் சிறிது. பழி பலகையில் ஏறுகின்றது. மறுப்பு கோப்பில் அடங்குகின்றது. அண்ணன் கேட்டது இவ்வளவே: இரண்டையும் ஒரே பலகையில் ஒட்டுங்கள் என்பதே.

நம் காப்பியத்தில் கோவலனுக்கு இவ்வாய்ப்பே இல்லை. பொற்கொல்லன் சொல்லை மன்னன் ஆராயவில்லை. ஆராய்ந்து அறிந்தபோது கோவலன் உயிருடன் இல்லை. அதனால் அங்கே உண்மை தெரிந்தவுடன் அரசனும் உயிர் நீக்கின்றான். உயிர் கொடுத்துப் பிழை தீர்க்கும் மன்னனைப் பற்றி யாம் ஆண்டுதோறும் வகுப்பில் உருக்கமாக உரைத்து வந்தோம். மாணவர் கண்ணீர் விட்டதும் உண்டு. அவ்வாறு உரைத்த நாவால், ஒரு தாளைப் பலகையில் ஒட்டுங்கள் என்று ஒரு சொல் கூற எமக்கு இயலவில்லை. காப்பியம் பெரிய பிழைக்குப் பெரிய கழுவாய் கூறுகின்றது. நாள்தோறும் அலுவலகங்களில் நிகழும் சிறிய பிழைக்கு என்ன கழுவாய் என்பதை, யாம் இகழ்ந்து ஒதுக்கிய துப்பறியும் புதினமே எம்மைச் சிந்திக்க வைத்தது.

அண்ணனைக் கண்டது

மறு வாரம் அண்ணனைத் தேடிச் சென்றோம். அவரும் ஓய்வு பெற்று, மகள் வீட்டில், பேருந்தில் மூன்று மணி நேரத் தொலைவிலுள்ள ஊரில் வாழ்ந்தார். எம்மைக் கண்டதும் எழுந்து நின்றார். அமரச் சொல்லித் தேநீர் வரவழைத்தார். யாம் வந்த காரணத்தைக் கூறினோம். அறிக்கையில் கையெழுத்திட்டது தவறு என்றும், அவர் கேட்ட ஒன்றைக் கேட்டுப் பெற்றுத் தராதது அதனினும் பெரிய தவறு என்றும் கூறினோம்.

அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பொறுத்துக்கொண்டேன் என்றும் கூறவில்லை. பொறுக்க மாட்டேன் என்றும் கூறவில்லை. பிறகு கேட்டார்: “அந்தக் கலித்தொகை இப்ப எங்க சார் இருக்கு? மறுபடியும் பேழையிலயே வச்சாங்களா?”

எமக்குத் தெரியவில்லை. அந்நூலுக்காக ஒருவரைத் தண்டித்த குழுவில் இருந்தோம். அந்நூல் எங்கே உள்ளது என்பதை ஒருநாளும் சென்று பார்த்ததில்லை. திரும்பும் வழியெல்லாம் அவ்வினாவே எம்முடன் வந்தது. சில நாள் கழித்து அந்நூலகத்துக்குச் சென்று, இசைவு பெற்றுத் தேடினோம். பேழை அகற்றப்பட்டிருந்தது. நூல் மேல்மாடியில், வடக்குச் சுவரோரம், நான்காம் தட்டில் இருந்தது. புதிய கட்டுடன், பூச்சி அரிக்காமல், நலமாக இருந்தது. அஞ்சலட்டையில் அதனை எழுதி அண்ணனுக்கு அனுப்பினோம். மகிழ்ச்சி என்று ஒரு சொல்லுடன் மறுமொழி வந்தது.

மாணவச் செல்வங்களே, நாளை நீங்கள் ஆசிரியராகவும் அதிகாரியாகவும் அமர்வீர்கள். ஒருவர் மீது எழுதப்பட்ட தாள் உங்கள் முன் வைக்கப்படும். உங்களுக்கு முன்னரே மூத்தவர் இருவர் கையெழுத்திட்டிருப்பர். அப்போது எழுகின்ற ஐயத்தை அடக்கிவிடாதீர்கள். உண்மைகளின் நடுவே கோத்துள்ள நூல் எது என்று கேளுங்கள். பிழை நேர்ந்துவிட்டால், திரும்பி வருபவரின் நாற்காலியைத் துடைத்து வைப்பதோடு நில்லாதீர்கள். எந்தப் பலகையில் பழியை ஒட்டினீர்களோ, அதே பலகையில் மறுப்பையும் ஒட்டுங்கள்.

எமக்கு இன்று பலகை இல்லை. இம்மலர் தந்த சில பக்கங்கள் உண்டு. அண்ணன் கேட்ட தாளை இங்கே ஒட்டுகின்றோம்: அம்மூன்று நூல்களையும் அவர் எடுக்கவில்லை. எடுத்தார் என்று கையெழுத்திட்டவருள் ஒருவர் யாம். அது பிழை.